இன்னைக்கு யூடி உண்டா அக்கா?

ராத்திரி ஒன்பதே கால் இருக்கும். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து போனை எடுக்கிறேன். முகம் பார்த்தறியாத ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறாள்: “இன்னைக்கு யூடி உண்டா அக்கா? பாப்பாவைத் தூங்க வச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த ஊர் என்று தெரியாது, என்ன வயசு என்று தெரியாது. பிள்ளையை உறங்க வைத்துவிட்டு என் கதைக்காக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்! ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷம் எதுவென்று யார் கேட்டாலும் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

யூடி என்றால் அப்டேட். பிரதிலிபி மாதிரியான தளங்களில் தொடர்கதை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் புழங்கும் சொல் அது. ஒரு அத்தியாயம் என்றால் ‘எபி’. இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் கதை ‘ஆன்கோயிங்’. முடிந்த கதையை மறுபடி முதலிலிருந்து போட்டால் ‘ரீரன்’. படித்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகிறவர்கள் ‘சைலன்ட் ரீடர்’. நான் கோவில்பட்டிக்காரி. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் காட்டு மக்களின் பேச்சை அள்ளியெடுத்து அகராதியே போட்டார். அந்த மண்ணில் வளர்ந்ததால் சொல்கிறேன்: ஒரு கூட்டத்துக்கென்று தனியாக ஒரு பேச்சு முளைத்துவிட்டால், அங்கே ஆட்கள் உயிரோடு, ஒருவரோடு ஒருவர் ஒட்டி வாழ்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்குத் தொடர்கதை என்பது பசை வாசனையோடு அறிமுகமானது. எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். சாயங்காலம் ஆனால் அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு அத்தை எல்லாரும் எங்கள் திண்ணையில் கூடிவிடுவார்கள். நடுவில் பசைச் சட்டி. ஒரு குரோசுக்கு 144 பெட்டி. கை பாட்டுக்கு வேலை செய்யும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு வாசிக்கத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். மூன்று வீடு தள்ளி ஒரு டீச்சர் வீட்டில் வாரப் பத்திரிகை வாங்குவார்கள். அவர்கள் படித்து முடித்ததும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். நான் தொடர்கதையை மட்டும் சத்தம்போட்டு வாசிப்பேன். ‘தொடரும்’ என்ற சொல் வந்ததும் பெரியம்மா, “அட பாவி, இப்படியா நிப்பாட்டுவான்” என்று எழுதியவரைத் திட்டுவாள். அப்புறம் ஒரு வாரம் முழுக்க அடுத்து என்ன நடக்கும் என்று பேச்சு. கதாநாயகி அந்த வீட்டைவிட்டு வெளியேறுவாளா மாட்டாளா என்று இவர்கள் போட்ட சண்டையை அந்த எழுத்தாளர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். எனக்கு அது அப்போதே பெரிய குறையாகத் தெரிந்தது. இவ்வளவு அழகான சண்டை அவருக்குத் தெரியாமலே போகிறதே!

அந்தத் திண்ணையில்தான் எனக்கும் எழுத ஆசை வந்தது. பிளஸ் டூ முடித்து, ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுத உட்கார்ந்த பிறகு எழுதவும் ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு எழுதி, சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்து அனுப்புவேன். பத்துப் பதினைந்து கதைகள் அனுப்பியிருப்பேன். சில, அச்சடித்த வருத்தச் சீட்டோடு திரும்பி வந்தன. பல வரவேயில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று கதை போடவே இடமுள்ள பத்திரிகைக்கு மூட்டை மூட்டையாகக் கதைகள் போனால் என்ன செய்வார்கள் பாவம். ஆனால் வாசிக்க ஆளில்லாமல் எழுதுவது, ஆளில்லாத வீட்டில் நின்று கூப்பிடுவது மாதிரி. கொஞ்ச நாளில் தொண்டை தானாக அடைத்துக்கொள்கிறது. கல்யாணம், பிள்ளைகள், மாமியாரின் நோய். நோட்டுகள் பரணுக்குப் போயின.

2020 ஊரடங்கில் தங்கச்சி மகள் எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டாள். ஒருநாள், “பெரியம்மா, நீங்கதான் கதைன்னா உயிரை விடுவீங்களே, இதைப் பாருங்க” என்று என் போனில் பிரதிலிபியை இறக்கிக் கொடுத்தாள். அன்று ராத்திரி நான் இரண்டு மணிவரை உறங்கவில்லை.

2014இல் ரஞ்சித் பிரதாப் சிங்கும் அவருடைய நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து தொடங்கிய தளம் இது. பெங்களூருதான் இருப்பிடம். இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கென்றே கட்டியது. தமிழும் அதில் உண்டு. யாருடைய அனுமதியும் கேட்காமல், ஒரு பைசா கட்டாமல், யார் வேண்டுமானாலும் எழுதி வெளியிடலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதிய கதை எழுதியவருக்கே சொந்தம். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. “அப்ப இதை யாரு தேர்ந்தெடுத்தது?” என்று தங்கச்சி மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். “யாரும் தேர்ந்தெடுக்கல பெரியம்மா, அவங்களே போட்டாங்க.” அவங்களே போட்டாங்க! அந்த இரண்டு சொல்லும் இன்றைக்கும் எனக்கு அதிசயம்தான்.

என்னென்ன கதைகள்! ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் ஒரு நர்ஸ், பிரசவ வார்டின் விடியற்காலையை எழுதியிருந்தாள். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருத்தர், எட்டுப் பேர் தங்கும் அறையில் யாருக்கு ஊரிலிருந்து ஊறுகாய் வந்திருக்கிறது என்பதை வைத்து ஒரு கதை பின்னியிருந்தார். வாசித்து முடித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், மழை ராத்திரியில் கேட் அடைக்கப் போன ஆளைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு எங்கள் ஊர் ரயில்வே கேட்டை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. இவர்களில் யாரும் தங்களை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு எழுதுகிறார்கள். அந்த வேலையின் சூடு ஆறுமுன்னே எழுத்து நம் கைக்கு வந்துவிடுகிறது.

காதல் கதைகள்தான் அதிகம், உண்மைதான். கட்டாயத் தாலி, முரட்டுக் கதாநாயகன் என்று ஒரு ரகம் உண்டு. ‘ஆன்டி ஹீரோ’ என்பார்கள். அது எனக்கு ஒத்துக்கொள்ளாது, படிக்க மாட்டேன். ஆனால் அதே காதல் கதைக்குள் மாமியாருக்கு டயாலிசிஸ் நாள் எது, நகைக்கடன் வட்டி எப்போது கட்ட வேண்டும், வேலைக்குப் போகிற பெண்ணின் சம்பளம் யார் கையில் போகிறது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தேடிப் பின்தொடர்கிறேன். ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் எழுதிய அத்தனையையும் ஒரே மூச்சில் படித்துவிடுவேன். ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் படிக்க எத்தனை நிமிஷமாகும் என்று போட்டிருக்கும். நாலு நிமிஷம், ஆறு நிமிஷம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு பாகம். இதை வடிவமைத்தவர் அடுக்களையில் நின்று யோசித்திருக்க வேண்டும்!

எட்டு மாதம் நான் சைலன்ட் ரீடர். அப்புறம் பொறுக்க முடியவில்லை.

பரணிலிருந்து நோட்டை இறக்கினேன். பழைய கதைகள் வேண்டாம் என்று தோன்றியது. திண்ணையையே எழுதினேன். பசைச் சட்டி, பெரியம்மா, கை விரலில் காய்ந்து உரிந்து வரும் பசைத்தோல், ஏஜென்ட் வந்து பெட்டியை எண்ணும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வது. தமிழில் அடிக்கப் போனில் செல்லினம் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள் தங்கச்சி மகள். முத்து நெடுமாறன் என்கிற மலேசியத் தமிழர் உருவாக்கியது அது. அவருக்கு நான் ஒருநாள் நேரில் நன்றி சொல்ல வேண்டும். அஞ்சல் முறையில் அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்து, அது திரையில் தமிழில் அம்மா என்றே வந்தபோது குழந்தை மாதிரி நாலைந்து தரம் அடித்தேன். இட்லிக்கு மாவாட்டும்போது ஒரு கையில் போன். பஸ்ஸில் போகும்போது கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். பதினோரு நாளில் முதல் பாகம் முடிந்தது.

அந்த ராத்திரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அட்டைப்படத்துக்கு எங்கள் ஆபீஸில் மூலையில் கிடந்த, குச்சி அடுக்கும் பழைய மரக்கட்டை ஒன்றைப் படம் பிடித்து வைத்திருந்தேன். தலைப்பு அடித்தேன். எந்த வகை என்று கேட்டது, குடும்பம் என்று தொட்டேன். எல்லாம் சரிதான். வெளியிடுகிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. சுவர்க்கடிகாரம் சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் குறட்டை கேட்கிறது. முப்பது வருஷமாக யாரோ ஒருவர் தொட்டிருக்க வேண்டிய பொத்தான் என் கைக்குக் கீழே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். ஒரு சுழல் சுழன்றது, அவ்வளவுதான். போய்விட்டது.

காலையில் எழுந்ததும் பல் விளக்கவில்லை, போனைத்தான் எடுத்தேன். பதினோரு பேர் படித்திருந்தார்கள். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: “நான் சாத்தூர். எங்கம்மாவும் பெட்டி ஒட்டுவாங்க. வாசிக்க வாசிக்க பசை வாசனை அடிக்குதுக்கா. ஆனா பசையில மயில்துத்தம் போடுவாங்களே, அதை விட்டுட்டீங்களே?”

ஆமாம்! பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அந்த நீலக்கல்லைப் பொடிப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், எப்படி மறந்தேன்? உடனே உள்ளே போய், அந்த இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அச்சில் வந்துவிட்டால் வந்ததுதான். இங்கே சாத்தூரில் ஒருத்தி சொல்ல, கோவில்பட்டியில் நான் திருத்த, அடுத்துப் படித்த பன்னிரண்டாவது ஆளுக்குச் சரியான பசை கிடைத்துவிட்டது. திண்ணைச் சண்டை எழுத்தாளர் காதுக்குப் போகவில்லையே என்று சின்ன வயசில் ஏங்கினேனே, அந்த ஏக்கம் அன்றைக்குத் தீர்ந்தது.

இதெல்லாம் செல்போன் வந்ததால் புதிதாய் முளைத்த கூத்து என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வை.மு.கோதைநாயகி அம்மாளை எண்ணிப் பாருங்கள். 1901இல் பிறந்தவர். ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. தெருப் பிள்ளைகளுக்கு வாயால் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், தன்னுடைய முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வைச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதிக்கொடுத்தார். அப்புறம் 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தாமே எடுத்து நடத்தி, தம் நாவல்களைத் தாமே தொடராகப் போட்டார். நூற்றுக்கும் மேலே நாவல்கள். யாராவது தன்னை வெளியிடட்டும் என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. அச்சகத்தையே வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து இந்தத் தளத்தில் எழுதும் ஓர் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, கண் சரியில்லை. போனில் மைக்கைத் தொட்டுவிட்டு வாயால் சொல்கிறார், அது எழுத்தாகிறது. பேத்தி ளகரம் ழகரம் திருத்துகிறாள். நூறு வருஷத்துக்கு முன்னால் பட்டம்மாள் உட்கார்ந்த இடத்தில் இன்றைக்கு ஒரு போனும் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோதைநாயகி அம்மாள் இருந்திருந்தால் தினம் இரண்டு யூடி போட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொடரும் போட்டு எழுதுவதும் நமக்குப் புதிதா? ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954வரை கல்கியில் வாராவாரம் வந்ததுதானே. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்ட் பண்ணி, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்த வீடுகள் எத்தனை! நடுவில் அந்தப் பழக்கம் கைவிட்டுப் போயிருந்தது. அது திரும்பி வந்திருக்கிறது, அதுவும் வாசகர் எழுத்தாளரின் தோளைத் தொட்டுப் பேசுகிற தூரத்தில்.

பணம் வருமா என்று உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வரும். வாசகர்கள் தளத்தில் நாணயங்கள் வாங்கி, பிடித்த கதைக்கு ஸ்டிக்கராகப் பரிசு தரலாம். ‘சூப்பர் ஃபேன்’ என்று மாதச் சந்தா கட்டி ஒரே எழுத்தாளரைத் தாங்குகிறவர்களும் உண்டு. எனக்கு முதல்முதலாக ஒருவர் ரோஜாப்பூ ஸ்டிக்கர் அனுப்பினார். அதன் மதிப்பு சில ரூபாய்தான். என்னுடைய கல்யாண மாலையைவிட அந்த ரோஜா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த படி கிண்டில். தொடர் முடிந்ததும் கதையைச் சேர்த்து ஒரே நூலாக்கி அமேசானில் நாமே ஏற்றலாம். விலையை நாமே வைக்கலாம். விலையையும் திட்டத்தையும் பொறுத்து 35 சதவீதமோ 70 சதவீதமோ நமக்கு. ‘கிண்டில் அன்லிமிடெட்’ சந்தாவில் ஒருவர் நம் புத்தகத்தைப் படித்தால், அவர் எத்தனை பக்கம் புரட்டினார் என்பதற்குக் கணக்குப் பண்ணிப் பணம் வருகிறது. பக்கத்துக்குக் கூலி! ஒரு குரோசுக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகிய குடும்பம் எங்களுடையது, எனக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துவிட்டது. அந்தத் திட்டத்தில் சேர்த்தால் தொண்ணூறு நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதனால்தான் எழுத்தாளர்கள், “ஞாயிற்றுக்கிழமையோட கதையை எடுத்துடுவேன், படிக்காதவங்க சீக்கிரம் படிச்சிடுங்க” என்று அறிவிப்பார்கள். அந்த வாரக்கடைசியில் நடக்கும் ஓட்டம் இருக்கிறதே, திருவிழாவின் கடைசி நாள் மாதிரி இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, “முடிச்சிட்டேன் அக்கா, கண்ணு எரியுது, ஆனா முடிச்சிட்டேன்” என்று ஒருத்தி எழுதுவாள்.

வேறொரு கதைக்கு எனக்குக் கிண்டிலில் முதல் மாதம் வந்தது எண்ணூற்றுச் சொச்சம். வங்கிக் குறுஞ்செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு நூல்சேலை எடுத்தேன், மீதிக்குக் கடலைமிட்டாய்.

பணமே வேண்டாம், எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று தன்னார்வலர்கள் 2013இலிருந்து நடத்துகிறார்கள். த.சீனிவாசன் தொடங்கிய முயற்சி அது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நம் எழுத்தைக் கொடுத்தால் அவர்களே மின்னூலாக்கிப் போடுவார்கள். கணினிக்கு, கிண்டிலுக்கு, போனுக்கு என்று தனித்தனி வடிவம். கையில் இருக்கும் சின்னத் திரைக்கென்று ஆறு அங்குல பிடிஎஃப்கூட உண்டு. பகலில் வேலை பார்த்துவிட்டு, சம்பளம் இல்லாமல், முன்பின் தெரியாதவர் கதைக்கு எழுத்துப்பிழை பார்த்து அட்டை போடுகிறார்களே, அந்த மனசை என்னவென்று சொல்வது. என் பழைய சிறுகதைகளை, தபாலில் போய்த் திரும்பி வந்த அதே கதைகளை, ஒழுங்குபண்ணி அங்கே கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல், காது மட்டும் அப்படியே இருக்கிறது. கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை, காற்று இல்லை. “எதையாவது வாசியேன்” என்றாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு கேட்கிறாள். நான் என் கதையைத் திறந்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. முதல் பாகம் வாசித்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால் அம்மாவின் கை சும்மா இல்லை. முந்தானை ஓரத்தை மடித்து, கட்டைவிரலால் நீவி, திருப்பி, மறுபடி மடித்து. பெட்டி ஒட்டுகிறாள்.

மயில்துத்தம் வந்த இடத்தில் தலையை ஆட்டினாள். “எழுதுன பிள்ளைக்கு விவரம் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

ஏழு பாகமும் கேட்டாள். ஏழாவது பாகத்தின் முடிவில் பெரியம்மாவை ஏஜென்ட் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தொடரும் போட்டிருந்தேன்.

“அப்புறம்?”

“அவ்வளவுதாம்மா. அடுத்தது இன்னும் எழுதல.”

அம்மா என் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மங்கின கண்ணில் என்ன தெரிந்ததோ, கையை நீட்டி என் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள்.

“அப்ப ஏன் இங்க உக்காந்திருக்க? எந்திரிச்சுப் போய் எழுது.”